மூச்சுப் பெட்டியின் நலம்

கண்ணமங்கலத்தில் பட்டு நெய்யும் வீடு ஒன்று. நாட்பட்ட நுரையீரல் நோயாளியின் கட்டிலருகே ஆக்சிஜன் செறிவூட்டி இருப்பதாகக் கொள்வோம். சில நொடிகளுக்கு ஒரு தரம் 'புஸ்' என்கிறதே, ஏன்?

காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21. பெட்டியின் இரு உருளைகளில் சியோலைட் மணிகள் உள்ளன. அழுத்தத்தில் அவை நைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும். அழுத்தம் தளர்ந்தால் விட்டுவிடும். அதுவே 'புஸ்'. உருளைகள் மாறிமாறி உழைப்பதால் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆக்சிஜன் கிடைக்கிறது.

தறியடித் தூசு இதற்குப் பகை. வெளி வடிகட்டியை வாரந்தோறும் கழுவி, நன்றாக உலர்ந்தபின் பொருத்துங்கள்; ஈரம் சியோலைட்டைக் கெடுக்கும். ஈரமூட்டும் குப்பியில் நாள்தோறும் புதிய வாலை வடிநீர் ஊற்றுங்கள். விறைத்துப்போன மூக்குக் குழலை மாற்றிவிடுங்கள்.

பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில். கண்ணாடிக் குழலில் மிதக்கும் குண்டு 'இரண்டு லிட்டர்' என்று காட்டுவது ஓட்டத்தைத்தான், தூய்மையை அன்று. சியோலைட் நலிந்தாலும் குண்டு அதே இடத்தில் நிற்கும். நோயாளிக்கோ ஏறக்குறைய வெறுங்காற்றே போய்ச் சேரும்! ஆகவே பழுதுபார்ப்பவரிடம் ஆக்சிஜன் அளவியால் சோதிக்கச் சொல்லுங்கள். 85 விழுக்காட்டுக்குக் கீழிறங்கினால் உருளைகளை மாற்றவேண்டி வரலாம். 2021-இல் கொரோனாவுக்காக வாங்கி மூலையில் போட்ட பெட்டிக்கும் இச்சோதனை வேண்டும். சும்மா கிடக்கும் சியோலைட்டும் ஈரத்தை உறிஞ்சும்.