நறுமண எண்ணெய் மசாஜ்: துளிக் கணக்கு

அரோமாதெரபி மசாஜ் என்பது செடிகளிலிருந்து வடித்தெடுத்த நறுமண எண்ணெயைச் சில துளிகள் மட்டும் சாதாரண எண்ணெயில் கலந்து உடம்பில் தேய்த்துவிடும் முறை. கையின் நீவல் தசையைத் தளர்த்துகிறது. வாசம் மூக்கின் வழியாக மூளையில் உணர்ச்சிகளும் நினைவுகளும் கையாளப்படும் பகுதிகளை எட்டுகிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்வதுதான் இதன் தனித்தன்மை.

எண்ணெய்த் தேய்ப்பு மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழருக்குப் புதிதல்ல. தோட்டத்து லயங்களில் தீபாவளி விடியலுக்கு நல்லெண்ணெய், தலைவலிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கோடாலித் தைலம், சுளுக்கு விழுந்தால் கம்பத்து மலாய்க்காரரின் ஊருட் மசாஜ் என்று வளர்ந்த தலைமுறை அங்குள்ள கோலா கங்சாரில் இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ஸ்பாவுக்குப் போகிறவர் உறைக்கும் தைலத்தையும் நரம்பைத் தேடிப் பிடித்து அழுத்தும் கையையும் எதிர்பார்ப்பார். அரோமாதெரபி அப்படி இருக்காது. எண்ணெய் எரியாது, கை மெதுவாக நகரும், வலிக்க வைப்பது அதன் நோக்கமல்ல.

நறுமண எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதைக் கோலா கங்சார்க்காரருக்கு எளிதில் விளக்கிவிடலாம். 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டது இந்த ஊரில்தான்; அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பாலோடும் குழாய்கள் இருப்பதுபோல, மணமுள்ள செடிகளின் இலையிலும் பூவிலும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பாலெடுக்கப் பட்டையைக் கீறினால் போதும். இந்த எண்ணெயைப் பிரிக்கப் பெரும்பாலும் நீராவி வேண்டும். இலைகளின் ஊடே செலுத்தப்படும் நீராவி எண்ணெயைச் சுமந்து வெளியேறும். அதைக் குளிரவைத்தால் எண்ணெய் தண்ணீரின்மேல் மிதக்கும். மலேசியாவில் வீட்டுப் பக்கமே வளரும் செராய் புல், கொசுவை விரட்டும் செராய் வாங்கி, கெனாங்கா பூ எல்லாமே இப்படி எண்ணெய் தருபவை. சில பூக்கள் மிகக் கஞ்சத்தனமானவை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குப் பல டன் இதழ்கள் தேவைப்படும். ஆகவே மலிவு விலையில் 'அசல் ரோஜா எண்ணெய்' என்று விற்கப்படுவதை நம்ப முடியாது.

இந்த முறைக்குப் பெயர் தந்தவர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவருடைய நூல் 1937-இல் வெளிவந்தது. பின்னர் மார்கரீட் மோரி என்பவர் எண்ணெயை நீர்க்கக் கலந்து மசாஜில் பயன்படுத்தும் வழக்கத்தை வளர்த்தார்.

அந்த நீர்த்தல்தான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். சிறு புட்டியில் இருப்பது பல கைப்பிடி இலைகளின் சாரம். அதை அப்படியே தோலில் தேய்த்தால் சிவந்து கொப்பளிக்கலாம். பெரியவர்களுக்கான மசாஜ் கலவையில் நறுமண எண்ணெய் பொதுவாக 1 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும். ஏறத்தாழ 20 துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயிலோ பாதாம் எண்ணெயிலோ 12 துளி விட்டால் 2 விழுக்காடு. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் இதையும் குறைப்பார்கள். துளியை எண்ணாமல் புட்டியைக் கவிழ்க்கும் கையிடம் உடம்பை ஒப்படைக்கக் கூடாது.

நல்ல நிலையத்தில் முதல் பத்து நிமிடம் கேள்விகளில் போகும். ஒவ்வாமை உண்டா, இரத்த அழுத்தம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேட்பார்கள். பிறகு காகிதப் பட்டையின் நுனியில் ஒரு துளி விட்டு முகரத் தருவார்கள். லாவெண்டரா, கெனாங்காவா என்று மூக்கே முடிவு செய்யட்டும். பிடிக்காத வாசத்தில் யாருக்கும் ஓய்வு கிடைக்காது. முழங்கையின் உட்புறத்தில் கலவையைச் சிறிது தடவி, எரிச்சல் வருகிறதா என்றும் பார்க்கலாம். மசாஜ் நடக்கும் அறை மங்கலாக இருக்கும். உடம்பைத் துண்டால் மூடி, தேய்க்கும் பகுதியை மட்டும் விலக்குவார்கள். எந்த உடையைக் களைவது என்பது வருபவரின் விருப்பம். அதில் யாரும் வற்புறுத்தக் கூடாது. மசாஜ் செய்பவர் எண்ணெயை முதலில் தம் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து தோள்வரை இரு கைகளாலும் நீளமாக நீவுவார். தோள்பட்டையில் இறுக்கம் தட்டுப்பட்டால் கட்டைவிரல் அங்கே சற்று நேரம் தங்கும். வலித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம்.

இதனால் கிடைப்பது என்ன? மசாஜுக்குப் பின் பலருக்குப் பதற்றம் தணிகிறது, அன்றிரவு தூக்கம் நன்றாக வருகிறது. அதற்கு மேல் உறுதி தர முடியாது. புற்றுநோயாளிகளுக்கு மசாஜும் அரோமாதெரபியும் எவ்வளவு உதவுகின்றன என்று 2016-இல் ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு, கிடைத்த சான்றுகள் தரம் குறைந்தவை, தெளிவான முடிவுக்குப் போதாதவை என்றே கூறியது. நச்சு நீங்கும், சர்க்கரை குறையும் என்று விளம்பரம் சொன்னால் அந்த நிலையத்தைத் தவிர்ப்பதே நல்லது. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் அரோமாதெரபி தனித் துறையாக இடம்பெறவில்லை. பயிற்சிச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது.

சிலர் விலகியே இருக்க வேண்டும். காய்ச்சலோடு உடம்பு வலி இருந்தால் அது டெங்கியாக இருக்கலாம். இரத்தக் கசிவு அபாயமுள்ள அந்த நேரத்தில் மசாஜ் வேண்டாம், கிளினிக்கில் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். காலில் இரத்தக் கட்டி உள்ளவர்களுக்கும் ஆகாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, வலித் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாகச் சென்று இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டக்கூடும். நீண்டநாள் நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சூடான எண்ணெய் சுடுவதுகூடத் தெரியாது.

கைக்குழந்தைகளின் விஷயத்தில் பேராக்கின் பாட்டிமார் ஒன்றை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தையின் நெஞ்சிலும் மூக்கருகிலும் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த தைலத்தைத் தடவுவது மூச்சுத் திணறலில் முடியலாம். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று மலேசிய மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்குக் கற்பூரமும் பாச்சா உருண்டையும் கிட்டவே வரக் கூடாது.

மசாஜ் முடிந்ததும் தண்ணீர் குடித்துச் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. தூக்கக் கலக்கத்தோடு உடனே மோட்டார் சைக்கிளை எடுக்கக் கூடாது. பெர்காமட் அல்லது பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் பூசியிருந்தால் அன்று வெயிலில் அந்தத் தோலைக் காட்டக் கூடாது. வெந்து கருத்துப் போகலாம். வீட்டில் வைத்திருக்கும் எண்ணெய்க்கு அடர் நிறக் கண்ணாடிப் புட்டியும் இறுக்கமான மூடியும் நிழலான இடமும் வேண்டும். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய்தான் தோலில் அரிப்பைக் கிளப்புவதில் முன்னிற்கிறது; அதிலும் எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்கள் சீக்கிரம் கெடும் என்பதால், புட்டியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டி வைக்கலாம்.