கண்ணுக்குத் தெரியாத நூறு கோடி

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இலைப்பேனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை மருந்தடித்தால் பேன் குறையும், அடியோடு போகாது. ஒரே மருந்தையே அடித்துவந்தால் அதற்கு மசியாத பேன் பெருகிவிடும். குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோயின் கணக்கும் இதுதான்.

இந்தக் கணக்கை 1964இல் எழுதிக்காட்டியவர் அமெரிக்காவின் ஹோவர்டு ஸ்கிப்பர். ரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளில் அவர் கண்டது இரண்டு. ஒரே ஒரு புற்றுச்செல் மிஞ்சினாலும் எலி பிழைக்காது. மருந்து கொல்வது இத்தனை செல்கள் என்றல்ல, இத்தனை சதவீதம் என்று.

நோய் தெரியவரும்போது குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றுச்செல்கள் இருக்கும். மருந்து 99.9 சதவீதத்தைக் கொன்றாலும் மிச்சம் நூறு கோடி. நுண்ணோக்கிக்கு அது அகப்படாமல் போகலாம். காய்ச்சல் விட்டிருக்கும், முகம் தெளிந்திருக்கும், பிள்ளை ஓடியாடும். நோய் போகவில்லை.

சரி, ஏன் பல மருந்துகள்? பத்து லட்சத்தில் ஒரு செல் முதல் மருந்துக்கு மசியாதது, மற்ற மருந்துகளுக்கும் இதே விகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கோடியில் அப்படிப்பட்டவை பத்து லட்சம். அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் இவை தப்பிப் பெருகி மறுபடி ஒரு லட்சம் கோடி ஆகும். அதற்குள் இரண்டாம் மருந்துக்கும் மசியாதவை பத்து லட்சம் பிறந்திருக்கும். முதல் நாளே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் தப்பும் செல் ஒரு லட்சம் கோடிக்கு ஒன்று. மூன்றாவதும் சேர்ந்தால் அந்த ஒன்றும் அநேகமாக இராது. மருந்துகள் வெவ்வேறு வழியில் தாக்கினால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். கோல்டி, கோல்ட்மேன் என்ற ஆய்வாளர்கள் 1979இல் இதை முறையான கணித மாதிரியாக்கினார்கள்.

மருத்துவர்கள் அதற்கும் முன்பே துணிந்துவிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் ஃப்ரை, ஃப்ரைரைக் இருவரும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றில் வின்கிரிஸ்டின் நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து வருவது. (இலையைத் தின்றால் குணமாகாது, அது நஞ்சு.) நான்கில் இன்னொன்றான மெத்தோட்ரெக்சேட் பிறந்த ஆய்வை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். இந்தியாவில் 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே கூட்டுமருந்து முறையைக் கைக்கொண்டபின், பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது.

மனித மஜ்ஜை சமன்பாட்டுக்கு முழுக்க அடங்குவதில்லை. உறங்கிக் கிடக்கும் செல்களை மருந்து எளிதில் தொடாது. பல மருந்துகளுக்கு ஒருசேரத் தப்பும் செல்களும் உண்டு. ஆனாலும் அடிப்படைப் பாடம் நிற்கிறது: சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீள்வது மருத்துவரின் பிடிவாதமல்ல, மிச்சமிருக்கும் செல்களின் கணக்கு. வீட்டில் தினமும் தரும் மெர்காப்டோபியூரின் மாத்திரையில் 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே அந்த எல்லைக்குக் கீழே போய்விடும்.

மதுரைக்கோ சென்னைக்கோ ஒருமுறை போய்வந்தால் மலையில் கூலி போகிறது. காய் பறிப்புக் காலத்தில் அது பெரிய இழப்பு. பிள்ளை தெளிந்ததும் நிறுத்திவிடத் தோன்றுவது இயல்பு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் உண்டு. போக்குவரத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடு கிடைத்தால்தான் இந்தக் கணக்கு மலைக்குடும்பங்களுக்குப் பயன்படும். அதை அரசு செய்ய வேண்டும். பெற்றோர்களே, மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாள்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.