விடுதி புகுமுன் ஒரு தடுப்பூசி

பாடசாலைப் பிள்ளையைத் தடுப்பூசி தேடி வருகின்றது. சுகாதாரப் பணியாளர் வகுப்பறைக்கே வந்து ஏற்றிச் செல்வர். பெற்றோர் இசைந்தாற் போதும். பல்கலைக்கழகம் புகுந்தபின்னரோ மாணவரே அதனைத் தேடிச் செல்லவேண்டியவராகின்றனர்.

வவுனியா பம்பைமடுவிலும் கிளிநொச்சி அறிவியல்நகரிலுமுள்ள பல்கலைக்கழக விடுதிகளில் இலங்கையின் பல மாவட்டத்து இளைஞரும் ஒருங்கே உறைகின்றனர். இத்தகைய நெருக்கத்திலேதான் மெனிங்கோகொக்கசு என்னுங் கிருமி பரவுகின்றது. மூளையைச் சூழ்ந்த சவ்வுகளில் அழற்சியை விளைக்கும் இக்கிருமி, நலமுடையார் தொண்டையிலும் மறைந்து வாழும். 1997இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகப் புதுமுக மாணவரைச் சோதித்தபோது, முதல் நாளில் 100க்கு 7 பேரிடமிருந்த கிருமி நான்காம் நாளில் 23 பேரிடங் காணப்பட்டது. அவருள் மிகச் சிலரே நோயுறுவர். ஆயின் அச்சிலருக்கு நோய் சாதாரணக் காய்ச்சல், தலைவலி, வாந்தியெனவே தொடங்கும். டெங்கோவென ஐயுற்றுப் பரசிற்றமோல் விழுங்கிப் படுத்திருக்கும் வேளையிலேயே, ஒரே நாளில் உயிர் பிரிதலுங் கூடும். சிகிச்சை பெற்றாரிலும் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை. 2023இல் காலிச் சிறைச்சாலையில் இந்நோய் உயிர்ப்பலி கொண்டமை, இத்தீவும் அதற்குப் புறம்பானதன்று என்பதைக் காட்டிற்று.

இத்தடுப்பூசி இலங்கையின் தேசிய அட்டவணையில் இல்லை. ஹஜ் யாத்திரிகர் போன்றாரே பெறுகின்றனர். ஆகவே வன்னி மாணவர் பலர் அதன் பெயரையே கேட்டிரார். பிறநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்குச் செல்பவரோ, அனுமதிக் கடிதம் கேட்பதனால் அதனை ஏற்றிக்கொள்கின்றார். அவர் நோயை ஆழ்ந்து கற்றவரல்லர்; கேட்கப்பட்டார், அவ்வளவே. விலை, தூரம், நண்பர் சொல் ஆகியனவும் முடிவை மாற்றும். 2021இல் கொவிட் தடுப்பூசி இளைஞருக்கு வழங்கப்பட்டபோது, சினோபாமை வெளிநாடுகள் ஏற்குமோவென்று தயங்கிப் பைசரை எதிர்நோக்கியிருந்தார் பலர். இதனை அறியாமையென்று தள்ளிவிடல் நேரிதன்று. உறவினர் கடல் கடந்து வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு, கடவுச்சீட்டும் உடல்நலமும் ஒருங்கே எண்ணவேண்டியனவாயுள்ளன.

பிரித்தானியா 2015 முதல் பதின்ம வயதினருக்கும் பல்கலைக்கழகப் புதுமுகத்தாருக்கும் இதனை இலவசமாக வழங்கி வருகின்றது. இங்கும் வேண்டுமோவென்பதைச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவே ஆராய்ந்து துணியவேண்டும். வேண்டுமெனத் துணியின், விடுதி வாயிலில் ஏற்றுதல் காலங் கடந்த செயலாகிவிடும். ஊசியின் காப்பு உடலில் உருவாக ஏறத்தாழ இரு வாரம் வேண்டும். கிருமியோ நான்கு நாளிற் பரவிவிடுகின்றது. அனுமதிக் கடிதத்தோடு இவ்வறிவித்தலும் மாணவர் வீடு சேரவேண்டும். முல்லைத்தீவுப் பிள்ளை முல்லைத்தீவிலேயே, தன்னூர்ச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலேயே, அதனைப் பெறவேண்டும்.