வந்தும் வாராதவன்

கணவன் மனைவி என்னும் உறவு இருவர் உள்ளத்தில் எழுதப்பட்ட ஓர் ஏடு. முதன்முதலாகக் கண்ட நாள், ஊடிய பொழுது, ஒருங்கே கேட்ட பாட்டு, பிறர் அறியாத கேலிப் பெயர் ஆகிய யாவும் அதில் இடம்பெறும். அந்த ஏட்டுக்கு உலகில் இரண்டே பிரதிகள்தாம் உண்டு. அவற்றுள் ஒன்று முற்றும் அழிந்துபோனால், எஞ்சிய பிரதியைப் பார்த்து அதனைத் திரும்ப எழுதிவிட இயலுமா? எழுதினாலும் அது பழைய உறவு ஆகுமா? இக்கேள்வியையே பொருளாகக் கொண்ட பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றை நேயர்களுக்கு அறிமுகம் செய்வதும், அது மனித நினைவின் இயல்பைப் பற்றி நமக்கு உணர்த்துவதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1961ஆம் ஆண்டில் கான் நகரத்துத் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது இரண்டு படங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒன்று லூயி புனுவெல் இயக்கிய ‘விரிதியானா’. மற்றொன்று ஆன்ரி கோல்ப்பி இயக்கிய ‘ஊன் ஓஸி லோங் அப்ஸான்ஸ்’. கோல்ப்பி அதுகாறும் படத்தொகுப்பாளராகப் பெயர் பெற்றிருந்தவர். காதலையும் மறதியையும் பற்றிய ‘ஹிரோஷிமா, என் காதலே’ என்ற 1959ஆம் ஆண்டுப் படத்தின் தொகுப்பில் பங்கு கொண்டவர். அப்படத்துக்குக் கதை உரையாடல் எழுதிய மார்கெரித் துரா என்னும் எழுத்தாளரே, ஜெரார் ஜார்லோவுடன் சேர்ந்து இப்படத்துக்கும் எழுதினார். இத்தாலிய நடிகை அலிடா வல்லியும் பிரெஞ்சு நாடக மேடையில் புகழ் பெற்ற ஜார்ஜ் வில்சனும் முக்கிய வேடம் ஏற்றனர்.

படத்தின் தலைப்பை ‘இத்துணை நீண்ட பிரிவு’ என்று தமிழில் கூறலாம். ஆயினும் அது முழுமையான மொழிபெயர்ப்பு ஆகாது. பிரிவு என்றால் இருவர் இரு வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். ஒருவர் திரும்பி வந்த கணமே பிரிவு முடிந்துவிடும். பிரெஞ்சுச் சொல்லோ ‘இங்கே இல்லாதிருத்தல்’ என்னும் நிலையைக் குறிப்பது. ஒருவன் எதிரே அமர்ந்து உணவு உண்டுகொண்டே இல்லாதவனாக இருத்தல் கூடும். இந்த நுண்ணிய வேறுபாட்டில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

பாரிஸ் நகரை அடுத்த புய்த்தோ என்ற புறநகரில் தெரேஸ் லாங்லுவா சிறு சிற்றுண்டிச்சாலை ஒன்றை நடத்தி வருகிறாள். ஜெர்மானியர் பிரான்சை ஆண்ட காலத்தில் அவளுடைய கணவன் ஆல்பேர் இரகசியப் போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டான். பதினாறு ஆண்டுகள் கழிந்தன. பியேர் என்பவன் அவளை நேசிக்கிறான். வாழ்க்கை ஒருவாறு நடந்து வருகிறது. கோடைகாலத்தில் ஊரார் பலர் விடுமுறைக்கு வெளியூர் சென்று, தெரு வெறிச்சோடிக் கிடக்கும் நாள்களில், இசைநாடகப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு ஒரு நாடோடி அவ்வழியே போவதை அவள் காண்கிறாள். அவன் ஆல்பேரே என்று அவள் உள்ளம் துணிகிறது. அவனுக்கோ தன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஸேன் நதிக்கரையில் ஒரு குடிசையில் தங்கி, பழைய பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டியெடுத்துப் பெட்டியில் சேர்த்து வைப்பதே அவன் தொழில்.

தெரேஸ் அவனை நேரே நெருங்கி ‘நீ என் கணவன்’ என்று சொல்லிவிடுவதில்லை. ஆல்பேரின் அத்தையையும் மருமகனையும் வரவழைத்து, நாடோடி காதில் விழுமாறு பழைய பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் பேசச் செய்கிறாள். இசைப்பெட்டியில் அவனுக்கு உகந்த பாட்டுகளை ஒலிக்க விடுகிறாள். அத்தையோ இவன் அவனல்லன் என்றே ஐயுறுகிறாள். தெரேஸ் மனம் தளரவில்லை. ஓரிரவு அவனைத் தனியே விருந்துக்கு அழைக்கிறாள். உணவுக்குப் பின் இருவரும் ஒரு மெல்லிய பாட்டுக்கு ஆடுகின்றனர். பெயர் மறந்தவனுடைய கால்கள் நடனத்தை மறக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் போதே அவன் தலையின் பின்புறத்தில் பெரியதொரு தழும்பு இருப்பதை அவள் அறிகிறாள். அவன் எங்கே, எவ்வாறு துன்புற்றான் என்பதை எந்த வாய்மொழியும் அத்தழும்பைப் போல் கூறியிருக்க முடியாது.

விடைபெற்று இருளில் நடந்து போகிறவனைக் கண்டு அவள் தன்னை அடக்க இயலாமல், ‘ஆல்பேர்!’ என்று கூவுகிறாள். அக்கம்பக்கத்தாரும் அப்பெயரைச் சொல்லி உரக்க அழைக்கின்றனர். அவன் நிற்கிறான். திரும்பவில்லை. துப்பாக்கி முனையில் நிற்கும் கைதியைப் போல் இரு கைகளையும் மெல்ல உயரத் தூக்குகிறான். பின்னர் ஓடத் தொடங்கி, எதிரே வரும் லாரியின் முன் பாய்கிறான். அன்பினால் அழைத்த பெயர் அவன் செவியில் கைது ஆணையாக விழுந்துவிட்டது. ஆற்றல் மிக்க இக்காட்சியில் ஒரு சொல் விளக்கமும் இல்லை.

இது கற்பனையின் மிகையா? உளநூலார் கண்ட உண்மைகள் அவ்வாறு கருத இடம் தரவில்லை. ஜெனீவா நகரத்து அறிஞர் எதுவார் கிளாப்பரேத் 1911ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். நினைவிழந்த பெண் ஒருத்தி தன் மருத்துவரையே ஒவ்வொரு நாளும் புதியவராகக் கண்டு வந்தாள். அவர் ஒருநாள் விரல்களிடையே ஊசியை மறைத்துக்கொண்டு அவளோடு கைகுலுக்கினார். பின்னர் அவர் கை நீட்டியபோது அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். ஊசி குத்திய நிகழ்ச்சி அவளுக்கு நினைவில்லை. எனினும் கை அறிந்திருந்தது.

1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற இளைஞர், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை பெற்றபின், புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திர வடிவத்தின் கோடுகளை வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது; ஆயினும் முன்பு பயின்றதாகவே அவருக்கு நினைவில்லை. இத்தகைய ஆய்வுகளால், நினைவு என்பது ஒரே களஞ்சியம் அன்று என்பது தெளிவாயிற்று. நிகழ்ச்சியும் பெயரும் ஓரிடத்தைச் சார்ந்தவை. கைத்திறனும் பழக்கமும் வேறிடத்தைச் சார்ந்தவை. அச்சத்துக்கும் தனி வழி உண்டு. ஒன்று அழிய மற்றொன்று நிலைத்தல் கூடும். ஆல்பேரின் ஆடும் கால்களும் உயரும் கைகளும் இவ்வுண்மைக்கு இரு சான்றுகள். எஞ்சும் நினைவு இனியதாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை என்பதே இதிலுள்ள துயரம்.

தலையில் அடிபட்டவர் பெரும்பாலும் அடிபட்ட வேளையையும் அதனை அடுத்த காலத்தையுமே மறக்கின்றனர். தம் பெயரையே முற்றும் இழத்தல் அரிது என்று மருத்துவர் கூறுவர். ஆனால் அந்த அரிய நிலை பிரான்சு நாட்டில் ஒரு பெரும் வழக்காகவே நடந்தது. 1918 பிப்ரவரியில், ஜெர்மனியிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட வீரர்களிடையே பெயரறியாத ஒருவர் லியோன் நகர ரயில் நிலையத்தில் காணப்பட்டார். ‘ஆந்தெல்ம் மாங்கேன்’ என்று அவருக்குப் பெயர் வழங்கலாயிற்று. அவருடைய புகைப்படம் வெளியானதும், போரில் காணாமற்போன தம் மகன் இவரே, தம் கணவர் இவரே என்று எண்ணற்ற குடும்பங்கள் முன்வந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பொய்யர் அல்லர். உடலைக் காணாமல் துக்கத்தை முடிக்க இயலாதவர்கள். அவர் யார் என்பது நீதிமன்றம் வரை சென்று, 1942ஆம் ஆண்டில் பாரிஸ் மனநல மருத்துவமனையில் அவர் வாழ்வு முடிந்தது. ஜான் அனுய் 1937ஆம் ஆண்டில் மேடையேற்றிய ‘சுமையில்லாப் பயணி’ என்ற நாடகத்தின் பின்னணியில் அவருடைய வரலாறு உண்டு. தெரேஸின் துணிபும் அக்குடும்பங்களின் துணிபைப் போன்றதுதானோ என்ற ஐயத்தைப் படம் இறுதிவரை தீர்க்கவில்லை.

மார்கெரித் துராவுக்கும் காத்திருத்தல் புதிதன்று. அவருடைய கணவர் ரொபேர் ஆந்தெல்ம் 1944ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டு ஜெர்மானிய முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்; 1945இல் உயிர் ஊசலாடும் நிலையில் மீட்கப்பட்டார். திரும்பி வந்தவரும் போனவரும் முற்றும் ஒருவரே அல்லர் என்பதைத் துரா தம் இல்லத்திலேயே கண்டவர்.

மறந்த காதலன் என்றதும் நமக்குச் சாகுந்தலம் நினைவுக்கு வரும். அந்நாடகம் பிரான்சுக்கும் அயலானதன்று. 1830ஆம் ஆண்டிலேயே ஷெஸி என்னும் அறிஞர் வடமொழியினின்று நேரே அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். காளிதாசனின் உலகில் மறதி ஒரு சாபம். அதற்குக் கணையாழி என்னும் சாபவிமோசனம் உண்டு. மீன் வயிற்றிலிருந்து மோதிரம் வெளிப்பட்டதும் துஷ்யந்தனுக்கு யாவும் ஒருங்கே விளங்குகின்றன. கோல்ப்பியின் உலகில் கணையாழி இல்லை. தெரேஸ் பாட்டையும் பெயரையும் விருந்தையும் ஒவ்வொரு கணையாழியாக நீட்டிப் பார்க்கிறாள். எதுவும் கதவைத் திறக்கவில்லை. இறுதியில் நீட்டிய பெயரோ அவனை அச்சுறுத்தி விரட்டுகிறது.

அவனுக்கு ஒன்றும் நேரவில்லை, எங்கோ போய்விட்டான் என்று பியேர் தெரேஸிடம் கூறுகிறான். அவள் குளிர்காலத்துக்காகக் காத்திருக்க எண்ணுகிறாள். குளிர் வந்தால் அவனுக்கு ஒதுங்க இடம் வேண்டுமல்லவா? நேயர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். இதுவரை அவள் அவனிடம் பழைய ஆல்பேரைக் கேட்டாள். இப்போது அவன் தன்னை அறிவான் என்றோ, பெயரை ஒப்புவான் என்றோ அவள் எதிர்பார்க்கவில்லை. குளிர்கின்ற ஒரு மனிதனுக்கு ஒரு கூரையைப் பற்றி எண்ணுகிறாள்.

முதுமை மறதிநோய் கண்ட தாய்தந்தையரோடும் துணைவரோடும் வாழ்வோர் இன்று எல்லா நாடுகளிலும் உள்ளனர். ‘நான் யார், சொல்லுங்கள்’ என்று அவர்களை நாள்தோறும் சோதிப்பது அன்பின் தூண்டுதலே. எனினும் கேட்கப்படுகிறவருக்கு அது விசாரணையாகத் தோன்றலாம். பெயர் போனபின்னும் பழகிய இசை தங்கலாம். முகம் மறந்தபின்னும் கனிந்த குரலின் இதம் தங்கலாம். எரிந்த ஏட்டைத் திரும்ப எழுத இயலாது. ஆனால் அதனை இழந்தவருடைய பக்கத்தில் அமர்ந்து, எஞ்சிய பிரதியை நம் உள்ளத்தில் காத்துக்கொண்டு, அவருக்குக் குளிராமல் பார்த்துக்கொள்ள இயலும்.