படியேறும்போது பிடிக்கும் நெஞ்சு

மூன்றாவது மாடிக்குப் படியேறுகிறார் ஒருவர். இரண்டாவது திருப்பத்தில் நடுநெஞ்சு இறுகுகிறது, இடது தோள் கனக்கிறது. கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். ஐந்து நிமிடத்துக்குள் விட்டுவிடுகிறது. ‘வாயுப் பிடிப்புதான்’ என்று ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். இப்படிப்பட்டவரை இதய மருத்துவர் சோதித்தால், பெரும்பாலும் முதலில் சந்தேகிப்பது இஸ்கீமியாவை. உறுப்புக்குத் தேவையான அளவு இரத்தம் வந்து சேராத நிலை அது.

உட்கார்ந்திருந்தவரை வராத வலி படியில் ஏன் வருகிறது? இதயத் தசை ஓய்வாக இருக்கும்போதே, தன்னிடம் வரும் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதத்தை எடுத்துக்கொண்டுவிடும். வேலை கூடினால் இரத்த ஓட்டமும் கூடியே ஆக வேண்டும். கொழுப்புப் படிந்து குறுகிய தமனியால் அது முடிவதில்லை. அதனால்தான் படுக்கவைத்து எடுத்த இசிஜி சரியாக இருந்தவருக்கும், டிரெட்மில்லில் நடக்கவிட்டதும் இசிஜி கோட்டின் எஸ்.டி. பகுதி தாழ்ந்துவிடலாம்.

ரிப்போர்ட்டில் இஸ்கீமியா என்று பார்த்ததும் ‘அட்டாக் வந்துவிட்டது’ என்று கலங்குகிறோம். இரண்டும் ஒன்றல்ல. இஸ்கீமியாவில் தசை பட்டினி கிடக்கிறது, இன்னும் சாகவில்லை. தமனி முழுதாக அடைபட்டு 20 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் தசை சாகத் தொடங்கும், அதுதான் மாரடைப்பு. இந்த இடைவெளியில்தான் மருத்துவத்தால் நிறையச் செய்ய முடியும். ஓய்விலும் விடாத நெஞ்சுவலிக்கு ஓமத் தண்ணீர் வேண்டாம், 108ஐ அழையுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மங்கி வலியே தெரியாமல் போகலாம். காரணமில்லாத மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

இஸ்கீமியா இதயத்துக்கு மட்டும் வருவதல்ல. கை கால் தசைகள் இரத்தமின்றிச் சில மணி நேரம் தாங்கும். மூளைக்குச் சில நிமிடங்கள்தான். மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு வாய் கோணி, ஒரு கை மரத்து, பத்து நிமிடத்தில் தானாகச் சரியானால் பலர் அதை மறந்தே போகிறார்கள். அடுத்த சில நாட்களில் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அறிகுறி நீடிக்கிறதென்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே அவசரப் பிரிவில் முதலில் கேட்பார்கள்: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?” தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப் போன நேரத்திலிருந்துதான் கணக்கு.