இளமரத்தில் கத்தி வைக்கலாமா?



பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விதி நன்றாகத் தெரியும். கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்வரை பால்மரத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை. மரத்தின் சுற்றளவை அளந்து பார்ப்பார்கள். ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வந்த பிறகுதான் பட்டையைத் திறப்பார்கள். அப்போதும் கத்தி பட்டையோடு நிற்கவேண்டும். அதைக் கடந்து உள்மரத்தைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னாளில் அங்கே ஒழுங்காகப் பால் வெட்ட முடியாது.

மரத்துக்கு இவ்வளவு பொறுமை காட்டிய நாம், நம் பிள்ளைகளுக்கு அதே பொறுமையைக் காட்டுகிறோமா? இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, பதின்ம வயதுப் பிள்ளைகளையும் புகையிலையையும் பற்றியது.

இன்று அந்த ரப்பர்க் காடுகளில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டப் பள்ளிகள் பலவும் பட்டணத்து ஓரங்களுக்கு இடம் பெயர்ந்துவிட்டன. லயத்தில் இருந்த குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்கின்றன. இடம் மாறினாலும் புகையிலை மட்டும் நம்மைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறது.

நாங்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். ஆறாம் ஆண்டு முடித்ததும் பிள்ளைகள் எங்களை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். ஆனாலும் தீபாவளி சமயத்தில் எங்களைப் பார்க்க வருவார்கள். அப்படித்தான் படிவம் இரண்டில் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். எங்கள் பள்ளிக் காற்பந்துக் குழுவில் வலப்பக்கம் ஓடியவன். பேசிக்கொண்டிருக்கையில் அவன் சட்டைப்பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு கருவி கீழே விழுந்தது. முகம் வெளுத்துப் போனான். பிறகு, "இது சிகரெட் இல்லை சார், வெறும் மாம்பழ வாசனைதான்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம். அவன் அப்படித்தான் நம்பியிருந்தான்.

அவனைக் கண்டதும் வேறொரு பையனின் நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், கழிப்பறையின் பின்னால் சிகரெட்டுடன் பிடிபட்டவன் அவன். அவனைச் சபைகூடலில் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினோம். ஒழுக்கத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டோம். அடுத்த வாரத்திலிருந்தே அவன் வருகை குறைந்தது. பின்பு நின்றே போனது. அவன் புகையை விடவில்லை நேயர்களே, பள்ளியைத்தான் விட்டான். அந்தத் தவற்றை இந்தப் பையனிடம் மீண்டும் செய்யக்கூடாது என்று முடிவு செய்தோம்.

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம். புகையிலை நமக்குச் சிகரெட்டோடு வந்ததன்று. தோட்டத்துப் பாட்டிமார் விடியற்காலையில் வெட்டுக்குப் போகும்போதே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டுப் புகையிலையையும் மடித்து வாயில் அடக்கிக்கொண்டார்கள். தாத்தாமார் சுருட்டும் பீடியும் பிடித்தார்கள். பசியும் களைப்பும் தெரியாமல் வேலை செய்ய அது உதவியது. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அதற்குக் கொடுத்த விலையை மறைக்கவும் முடியாது. 1993, 1994ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் வாய்நோய் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. புற்றுநோயாக மாறக்கூடிய வாய்ப்புண்கள் எல்லா இனத்தாரையும்விட இந்தியரிடையே அதிகமாக இருந்ததை அது காட்டியது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுவது புற்றுநோய் தரும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று 2004ஆம் ஆண்டில் அறிவித்தது.

நம் தலைமுறையில் சிகரெட் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. "அப்பாவுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வா" என்று கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள்தாம் நம்மில் பலர். 1980களில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரடிச் சிகரெட் விளம்பரம் நின்றது. ஆயினும் காற்பந்துப் போட்டிகளிலும் இசை நிகழ்ச்சிகளிலும் அந்தப் பெயர்கள் தொடர்ந்து ஒளிர்ந்தன. பேராக் குழு வெல்லவேண்டும் என்று தொண்டை வற்றக் கத்திய சிறுவர்கள், சிகரெட்டின் பெயரையும் சேர்த்தே உச்சரித்துப் பழகினார்கள்.

இனி, இந்தப் பொருள் உடலில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். புகையிலையில் நிக்கோட்டின் என்ற பொருள் உள்ளது. புகையை இழுத்ததும் அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, பத்துப் பதினைந்து விநாடிகளில் மூளையை அடைகிறது. அங்கே இன்ப உணர்வைத் தரும் டோப்பமின் என்னும் சுரப்பைத் தூண்டுகிறது. சில நிமிடம் மனம் இலேசாகிறது. பிறகு நிக்கோட்டின் குறையக் குறைய எரிச்சலும் பதற்றமும் தலைகாட்டுகின்றன. மறுபடி ஒன்றைப் பற்றவைத்தால் அவை அடங்குகின்றன. "சிகரெட் என் கவலையைத் தீர்க்கிறது" என்று பிள்ளை நினைக்கிறான். உண்மையில், முந்தைய சிகரெட் கொடுத்த கவலையைத்தான் அடுத்த சிகரெட் தீர்க்கிறது. கடன் கொடுத்தவனே வட்டி கட்டவும் கடன் தருவதைப் போன்ற வேலை இது.

மனித மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே பதினான்கு வயதில் நுழையும் நிக்கோட்டின், வளர்ந்தவரைவிட விரைவாகவும் ஆழமாகவும் பழக்கத்தைப் பதித்துவிடுகிறது. முற்றாத மரத்தில் கத்தி வைப்பது என்று நாம் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

நிக்கோட்டின் பழக்கத்தைத் தருகிறது. உடலை அழிப்பதில் பெரும்பங்கு எரியும் புகையுடையது. அதில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் ஏறக்குறைய 70 புற்றுநோய் உண்டாக்குபவை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயு உட்காரவேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. புகைக்கும் விளையாட்டாளன் சீக்கிரம் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மின்சிகரெட், அதாவது வேப், எரிவதில்லை. ஆதலால் சிகரெட் புகையிலுள்ள பல நச்சுகள் அதில் குறைவு. ஆனால் குறைவு என்பதற்கு இல்லை என்று பொருளன்று. அது வெறும் நீராவியும் அன்று. பெரும்பாலானவற்றில் நிக்கோட்டின் உண்டு. தொண்டையைக் கரிக்காத உப்பு வடிவத்தில் அது சேர்க்கப்படுவதால், சிறுபிள்ளையும் இருமாமல் நிறைய இழுத்துவிட முடிகிறது. மாம்பழ வாசனை மேலே பூசிய சர்க்கரைதான். போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களும் நம் நாட்டில் பிடிபட்டுள்ளன. உள்ளே இருப்பது இன்னதென்று வாங்குகிற பிள்ளைக்குத் தெரிய வழியில்லை.

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2022ஆம் ஆண்டில் ஒரு மாற்றத்தைக் காட்டியது. பதின்ம வயது மாணவர்களில் சிகரெட் புகைப்போர் 2017ஆம் ஆண்டில் 13.8 விழுக்காடாக இருந்து 6.2 விழுக்காடாகக் குறைந்தனர். மகிழ்ச்சிதான். ஆனால் வேப் பிடிப்போர் 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாக உயர்ந்தனர். ஒரு கதவை மூடினோம், இன்னொரு கதவு திறந்துகொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் புகைப்பொருள் விற்கக்கூடாது என்ற மசோதா 2022ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்தப் பிரிவு நீக்கப்பட்ட பிறகே 2023ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. 852ஆம் சட்டமாகிய அது 2024 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது அதன்படி குற்றம். ஆனால் 2007க்குப் பின் பிறந்தவர்கள் யார்? எங்கள் வகுப்பறைகளில் அமர்ந்து அகரம் எழுதிய பிள்ளைகள்தாம். 18 வயது நிறைந்த மறுநாள் அவர்களுக்குக் கடைக் கதவு திறந்துவிடும். அந்தப் பிறந்தநாளுக்கு முன்பே அவர்கள் மனத்தை உறுதிப்படுத்தவேண்டிய பொறுப்பு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எப்படிச் சொல்லித் தருவது? "புகைத்தால் அறுபது வயதில் புற்றுநோய் வரும்" என்பது உண்மை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அறுபது வயது என்பது வேறொரு நாடு. அவனுக்கு இன்றைக்கு எது பெரிதோ அங்கிருந்து தொடங்கவேண்டும்.

நாங்கள் வகுப்பில் செய்வது ஒன்று. மாணவர்களை நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடவிடுவோம். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, பானம் உறிஞ்சும் குழாய் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொல்வோம். பத்து விநாடிகளில் பலர் குழாயை எறிந்துவிடுவார்கள். "பழுதான நுரையீரலோடு வாழ்பவர் இதை எறிய முடியாது" என்று மட்டும் சொல்வோம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை இதில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, கணக்கு. ஒரு பெட்டி 17 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 6,205 ரிங்கிட். பத்தாண்டுகளுக்கு 62,050 ரிங்கிட். கரும்பலகையில் இதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கும்போது, நாங்கள் எதுவும் பேசவேண்டியதில்லை.

மூன்றாவது, மறுக்கும் பயிற்சி. பெரும்பாலும் முதல் சிகரெட்டை நீட்டுகிறவன் நண்பன்தான். "வேண்டாம், எனக்கு நாளை ஆட்டம் இருக்கிறது" என்று சண்டையில்லாமல் சொல்லி நகர்ந்துவிட, பிள்ளைகளை நடித்துப் பழகச் செய்கிறோம்.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையை என்ன செய்வது? முதலில் கேளுங்கள், திட்டுவது பிறகு இருக்கட்டும். எப்போது பிடிக்கிறான், யாரோடு, எதற்காக என்று கேளுங்கள். நிறுத்துவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். கருவியையும் மிச்சத்தையும் அவன் கையாலேயே உங்களிடம் ஒப்படைக்கட்டும். முதல் மூன்று நாள் கடினம். எரிச்சல், தூக்கக் குறைவு, பசி எல்லாம் வரும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆசை அலைபோல எழுந்தால் அது சில நிமிடங்களே நிற்கும். அந்த நேரத்தைத் தள்ளிப்போடுவது, ஆழமாக மூச்சுவிடுவது, தண்ணீர் குடிப்பது, வேறு வேலையில் இறங்குவது ஆகிய நான்கும் கைகொடுக்கும். வாய் எதையாவது கேட்டால், நம் புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு கைப்பிடி போதுமே!

ஒருமுறை தவறினால் எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள். பலர் பல முயற்சிகளுக்குப் பின்தான் விடுகிறார்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில், புகைப்பதை நிறுத்துவோருக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தரும் பிரிவு உண்டு. நிக்கோட்டின் பசைமிட்டாய் போன்றவற்றைச் சிறு வயதினருக்குக் கடையில் நீங்களே வாங்கித் தராதீர்கள், மருத்துவர் சொல்லட்டும்.

விட்டவர்களுக்கு உடல் நன்றி சொல்கிறது. 20 நிமிடங்களில் நாடித்துடிப்பு தணியத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் இரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு நீங்குகிறது. பிரிட்டனில் 1951ஆம் ஆண்டு முதல் மருத்துவர்களையே பின்தொடர்ந்த ஆய்வின் ஐம்பதாண்டு முடிவு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். முப்பது வயதிலேயே விட்டவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்தையும் மீட்டுக்கொண்டார்கள். ஐம்பதில் விட்டவர்கள்கூட ஆறு ஆண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி, வானொலியின் அருகே அமர்ந்திருக்கும் அப்பாக்களுக்கு. அந்த மாம்பழ வாசனைப் பையனிடம் நாங்கள் பேசியபோது அவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா வாசலில் உட்கார்ந்து பிடிக்கிறாரே சார், அவரிடம் யார் சொல்வது?" எங்களிடம் பதில் இல்லை. அவன் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் விட்டால் நானும் விடுகிறேன்" என்றார். "நீங்கள் முதலில்" என்றோம்.

இருவரும் ஒன்றாகவே கிளினிக்குக்குப் போனார்கள். பையன் இரண்டு முறை தவறினான். தகப்பனார் மூன்று முறை. இந்தப் பேச்சை எழுதும் இன்று, பையன் ஆறு வாரமாகத் தொடவில்லை. தகப்பனார் நாளுக்கு மூன்றாகக் குறைத்திருக்கிறார். கதை இன்னும் முடியவில்லை. ஆனால் மாலையில் திடலில் அவன் மறுபடி வலப்பக்கம் ஓடுவதைப் பார்க்கிறோம்.

முற்றாத மரத்தில் கத்தி வைக்காத மக்கள் நாம். பிள்ளைகள் விஷயத்திலும் அந்த வழக்கத்தைக் காப்போம்.