காற்றுத் துப்பாக்கி – சில உண்மைகள்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

திருவிழாவிற்குச் சென்று பலூன் சுடும் கடையைப் பார்க்காமல் திரும்பியவர் நம்மில் எத்தனை பேர்? அங்கே நாம் தோளில் வைத்துப் பார்த்த அந்தத் துப்பாக்கியைப் பலரும் விளையாட்டுப் பொருளென்றே எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் அது இயங்கும் முறையைக் காண்போம்.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கும்போது உள்ளே இருக்கும் வலிமையான சுருள்வில் அமுங்குகிறது. குழலின் பின்வாயில் இடை சிறுத்த ஈயக் குண்டு ஒன்றை வைத்துக் குழலை நிமிர்த்துகிறோம். விசையை இழுத்தவுடன் சுருள்வில் விடுபட்டுப் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. நொடிப்பொழுதில் அமுங்கிச் சூடேறும் காற்று குண்டை வெளியே தள்ளுகிறது. வகுப்பில் படித்த வெப்ப மாற்றீடற்ற அமுக்கம் இதுவே. குழலினுள் உள்ள புரிக்காடிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது தடுமாறாமல் செல்கிறது.

குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; எடை ஏறத்தாழ அரை கிராம். வேகம் நொடிக்கு 170 மீட்டர் என்று கொண்டால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 7 ஜூல். ஒரு கிலோ கல் முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலும் ஏறக்குறைய இவ்வளவே. அவ்வளவும் ஒரு மிளகளவு இடத்தில் தாக்கினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் வேண்டாம் என்பதால் பொறுப்பும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

என் மாமா மதுரையிலிருந்து எடை குறைந்த துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தார். அவர் இல்லாத நாளொன்றில் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குச் சென்றேன். புளியமரக் கிளையிலிருந்த மடையானைக் குறிவைத்துச் சுட்டேன். மடையான் பறந்துவிட்டது. கரைக்கு அப்பால் தண்ணீர் சுமந்து வந்த சித்தியின் பிளாஸ்டிக் குடத்தில் ஓட்டை விழுந்தது. இரண்டு கல் தொலைவு நடந்து எடுத்து வந்த தண்ணீர் மணலில் ஒழுகிற்று. சித்தி திட்டவில்லை. “குடம் போனாப் போகட்டும்டா தம்பி. நேத்து இந்த இடுப்புல எம் புள்ள இருந்தான்” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பறவை மீது பட்டிருந்தாலும் அது தவறுதான். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. நம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. கடல் கடந்து நம்மை நம்பி வரும் பறவைகளுக்குக் குண்டு வைத்து வரவேற்பதா?

மாமா துப்பாக்கியைப் பூட்டி வைக்கவில்லை. முறையாகச் சுடக் கற்றுத் தந்தார். மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, முன்னே குறித்தாளை ஒட்டி, பத்து மீட்டர் அளந்து நின்றோம். எடை குறைந்த துப்பாக்கி தூக்க எளிது. ஆனால் நாடித்துடிப்பிற்கே ஆடும். சுருள்வில்லின் அதிர்வு குண்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுவதால், இறுக்கிப் பிடித்தால் குறி தவறும். உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல இழுக்க வேண்டும். பத்து மீட்டருக்குள் குண்டு ஏறத்தாழ 17 மி.மீ. தாழும், அதற்கேற்பக் குறிகாட்டியைத் திருத்த வேண்டும். சுடும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறியாமல் சுடாதீர்கள். என் சித்தி எனக்குக் கற்பித்த பாடம் அது.

பத்து மீட்டர் போட்டியின் குறித்தாளில் நடுப்புள்ளி அரை மி.மீ. மட்டுமே. அதைக் குறிவைத்தே 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கற்றவன் கையில் கருவி அடங்கி நிற்க வேண்டும். முதல் மாதச் சம்பளத்தில் சித்திக்கு ஒரு பித்தளைக் குடம் வாங்கித் தருவது என் குறி. அது தவறாது.